வாசலில் நிற்பவருக்கு ஒரு கைத்துப்பாக்கி

லாரல் ஃபோர்க் பாப்திஸ்து சபைக்குப் பெரிய ஆபத்து வரப்போகிறது என்பதை கார்லண்ட் டீட்டர் கண்டுபிடித்தது, கம்பளக் கடையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான். கடை இருந்தவரை அவருக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை.

கண்டுபிடித்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. சபையின் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, தன்னைத் தலைவராகத் தானே முன்மொழிந்து, போதகர் லெட்பெட்டரை வழிமொழிய வைத்தார். காதில் செருகிக்கொள்ளும் பேசுகருவிகள் வந்தன. பக்கவாட்டில் பை பையாகத் தைத்த காக்கிக் கால்சட்டைகள் வந்தன. இளமையில் கார்லண்ட் ராணுவத்தில் இருந்தவர். போர்வைக் கிடங்கில் வேலை. அதற்குப் பிறகு கம்பளம். வாழ்நாள் முழுவதும் மெத்து மெத்தென்ற சாமான்களோடு புழங்கிய மனிதர் கடைசிக் காலத்தில் கொஞ்சம் கரடுமுரடாக இருந்து பார்க்க ஆசைப்பட்டால் அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது.

சபைக் கூடத்தில் புதன்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பொரித்த கோழியின் எண்ணெய் இன்னும் விரலில் இருக்கும்போதே, கூடத்தின் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டினார். சபைக் கட்டடத்தின் வரைபடம். வாசலைச் சுற்றி சிவப்பு வட்டம். அந்த வட்டத்துக்குள்தான், வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்றபடி, இருபது வருஷமாக வெண்டல் ப்ராப்ஸ்ட் நின்றுகொண்டிருக்கிறார்.

"பிரதர் வெண்டல், வாசல்தான் முதல் வரிசை. முதல் வரிசையில நிக்கிறவர் வெறுங்கையா நிக்கலாமா, சொல்லுங்க?"

"வெறுங்கை எங்க பிரதர்? கையில ஆராதனைத் தாள் இருக்கே."

கூடம் சிரித்தது. கார்லண்ட் சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க. ஒருநாள் நீளக் கோட்டுக்குள்ள துப்பாக்கியை மறைச்சுக்கிட்டு ஒருத்தன் வருவான். அவன்கிட்ட தாளை நீட்டி, ‘இன்னைக்கு மூணு பாட்டு, ரெண்டு ஜெபம்’னு சொல்லுவீங்களா?"

"நீளக் கோட்டு போட்டுக்கிட்டு வர்றது நம்ம பாட்டு லீடர் மட்டும்தான்," என்றார் பின்வரிசையில் இருந்த லைல் போக்ஸ். புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கிறவர்.

இரண்டாவது சிரிப்பு அடங்கியதும் கார்லண்ட் முடிவைச் சொன்னார். இனி வாசலில் நிற்பவர் எவரும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் நிற்க வேண்டும். ஈஸ்டருக்குள் வாங்கி, சுட்டுக் காட்டி, குழுவில் சேர்ந்துவிட வேண்டும். முடியாதவர்கள் மனஸ்தாபம் இல்லாமல் காப்பி மேஜைக்குப் போகலாம்.

காப்பி மேஜை என்பது கூடத்தின் மூலை. அங்கே மனிதர்கள் கோப்பையைப் பார்ப்பார்கள், ஊற்றுகிறவரைப் பார்க்க மாட்டார்கள்.

வெண்டலின் மனைவி வெர்னா போன இலையுதிர்காலத்தில் காலமாகிவிட்டாள். அதற்குப் பிறகு திங்கள் முதல் சனிவரை வெண்டலை எவரும் தொட்டதில்லை. டப்பா சூப்பைச் சூடாக்குவார், தொலைக்காட்சியைப் போடுவார், அது பேசும், அணைப்பார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றால் மட்டும் கைகள் வரும். உழவர்களின் சொரசொரப்பான கைகள், கிழவிகளின் குளிர்ந்த கைகள், அம்மா தள்ளிவிட்டதால் நீளும் பிசுபிசுத்த குழந்தைக் கைகள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு அவர் மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தார். இதை எவரிடமும் சொன்னதில்லை. அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு மேல் போனால் வானிலை.

அதனால் வெண்டல் கையைத் தூக்கி, "சரி, வாங்கிடறேன்," என்றார்.

டென்னசி மலைப்பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு மனிதரின் வீட்டில் ஒரு துப்பாக்கிகூட இல்லை என்பது, வீட்டில் உப்பு இல்லை என்பது போன்ற செய்தி. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் அந்தக் காரணத்தை வேறு பெயரில் தெரிந்து வைத்திருந்தது. வெண்டல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவருடைய அப்பா கொட்டகையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்துவிட்டது. அப்படித்தான் போதகர் சொன்னார், பத்திரிகை போட்டது, அம்மாவும் சொன்னாள். மறுநாளே அம்மா வீட்டிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் மாமன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அந்த மாவட்டத்தில் துப்பாக்கியைத் துடைக்கும்போது செத்தவர்கள் ஏராளம். நல்ல குடும்பத்து ஆண்கள், கடன்காரர்கள், பயிர் போனவர்கள், பெண்டாட்டி போனவர்கள். துடைக்காமல் அழுக்காகவே வைத்திருந்தவர்கள் எல்லாம் நீண்ட ஆயுளோடு இருந்தார்கள்.

*

நடீன் ஹல்சியின் துப்பாக்கிக் கடை, டிராக்டர் கடைக்குப் பின்னால் இருந்தது. சுவரில் மான் தலைகள். எந்தக் கிறிஸ்துமஸுக்கோ மாட்டிய சிவப்புக் குல்லாய்களைக் கழற்ற எவருக்கும் மனம் வராமல் அவை தலையிலேயே இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை மாதிரி வெல்வெட்டில் கைத்துப்பாக்கிகள். நடீனுக்கு வெண்டலைத் தெரியும். அவர் ரொட்டி வண்டி ஓட்டிய காலத்தில் அவள் சிற்றுண்டிக் கடையில் இருந்தாள். புருஷன் செத்ததும் அவன் கடையை எடுத்துக்கொண்டாள்.

"யாரு, ரொட்டிக்காரரா! என்ன கண்ணு, வழி தவறி வந்துட்டியா?"

"கைத்துப்பாக்கி ஒண்ணு வேணும் நடீன். இருக்கறதுலயே சின்னதா குடு. இடுப்புல இருக்கறது எனக்கே தெரியக் கூடாது."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சின்னதுன்னா சாதுன்னு நெனப்பு." சட்டைப் பையில் அடங்கும் ஒரு ரிவால்வரை எடுத்தாள். "இந்தக் குட்டிப் பிசாசு இருக்கே, எடையே கிடையாது. எடை இல்லாததால சுட்டதும் மொத்த உதையும் உன் மணிக்கட்டுலதான் இறங்கும். ரெண்டு தடவை சுட்டுட்டு மூணாவது தடவை கண்ணை மூடிக்குவே. கண்ணை மூடிக்கிட்டுச் சுடறவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்."

"அப்ப பெருசா?"

"பெருசும் வேணாம். உங்க கார்லண்ட் வச்சிருக்கானே ஒரு பீரங்கி, அதைத் தூக்கவே ஆள் வைக்கணும்." நடுத்தரமான ஒன்றை எடுத்தாள். தோட்டா செருகும் மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி உள்ளே பார்த்தாள். அவர் பக்கம் திருப்பினாள். "காலி. நான் சொன்னேன்னு நம்பாத. நீயே உள்ள பாரு, விரலை விட்டும் பாரு. உன் கைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும், யார் குடுத்தாலும், கர்த்தரே வந்து குடுத்தாலும், பாரு."

வெண்டல் பார்த்தார். காலிதான்.

"இப்பப் பிடி. சுவரைப் பாத்து. மானைக் குறி வை, அது ஏற்கெனவே செத்தாச்சு. ஆங்… விரல்! விரலை எடு வெளியில! சுடறதுன்னு முடிவு பண்ற வரைக்கும் விரல் விசைகிட்டயே போகக் கூடாது."

விரல் போயிருந்ததே அவருக்குத் தெரியவில்லை. எடுத்தார். நடீன் அவருடைய கையைத் தன் கையால் மூடி, உள்ளங்கை பிடியோடு ஒட்டுகிறதா, விரல் நுனி விசையைச் சிரமமில்லாமல் எட்டுகிறதா என்று பார்த்தாள். மேல்பகுதியை அவரையே இழுக்கச் சொன்னாள். வந்தது. செருப்புக் கடையில் கட்டைவிரலை அமுக்கிப் பார்ப்பதைப் போலத்தான் எல்லாம் நடந்தது. ஆனாலும் வெண்டல் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் ஒரு கை அவர் கைமேல் இருந்தது.

"கைக்குப் பொருந்துது. சரி, வீட்ல எங்க வைக்கப்போற?"

"அலமாரியில."

"பூட்டற பெட்டி வாங்கு. தோட்டா வேற இடத்துல இருக்கணும், அதுக்கும் பூட்டு. வீட்ல யார் யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

நடீன் துப்பாக்கியை வாங்கி வெல்வெட்டில் வைத்தாள். கண்ணாடியில் இல்லாத அழுக்கை ஒருமுறை துடைத்தாள்.

"வெர்னா போய் எவ்வளவு ஆச்சு?"

"குளிருக்கு முன்னாடி."

"ம்." இன்னும் கொஞ்சம் துடைத்தாள். "சுட்டுப் பாக்காம எதையும் வாங்காத. பின்னாடிதான் சுடுற இடம், வாடகைக்குத் தரேன். ஆனா முதல் தடவை வர்றவங்களுக்குத் தனியாத் தர மாட்டேன். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வா."

"எதுக்கு?"

"கடை வழக்கம் கண்ணு."

பின்னாலிருந்த சுடும் அறையைக் கண்ணாடி வழியே பார்க்க முடிந்தது. ஒரு தடத்தில் மட்டும் சுவர்ப் பலகை புதிதாக இருந்தது, மற்றவற்றைவிட வெளிர் நிறத்தில். முன்பு எப்போதோ தனியாக வந்த ஒருவர் அங்கே சுட்டது இலக்கை அல்ல என்பது வெண்டலுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வண்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தார். மருந்துக் கடை. எரிவாயுக் கம்பெனி. வெர்னா. பல் டாக்டர். கார்லண்ட். கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் என்றால் அது அவர்தான் என்று ஆனது. கார்லண்டும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒருகாலத்தில் வாடா போடா. தலைவர் பதவி வந்ததிலிருந்து ‘பிரதர்’, ‘நீங்க’.

*

கார்லண்ட் ஒரு சிறிய படையெடுப்புக்குத் தேவையான அளவு சாமான்களோடு வந்தார். பச்சைப் பை, மஞ்சள் கண்ணாடி, காது மூடிகள், முதலுதவிப் பெட்டி. அவருடைய கைத்துப்பாக்கிக்கு, பைபிளில் வரும் படைத்தலைவன் நினைவாக, கிதியோன் என்று பெயர் வைத்திருந்தார்.

"நடீன் சொல்றதைக் கேக்காதீங்க பிரதர். பொம்பளைங்க சௌகரியம் பாப்பாங்க. நமக்கு வேண்டியது நிறுத்தற சக்தி. வர்றவன் அப்படியே நிக்கணும்."

"முதல்ல தாள்ல படட்டும் கார்லண்ட், நிக்கறதை அப்புறம் பாக்கலாம்," என்றாள் நடீன்.

கார்லண்ட் காலை அகட்டி, மூச்சை இழுத்து, கிதியோனை நீட்டினார். அறை அதிர்ந்தது. காகித மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நான்கு முறை அதிர்ந்தது. ஒரு குண்டு காகித மனிதனின் காது ஓரம் போனது. மீதி எங்கே போயின என்பதை மேல்கூரைதான் சொல்ல வேண்டும்.

"காத்து இழுக்குது," என்றார் கார்லண்ட்.

நான்கு சுவரும் அடைத்த அறை. நடீன் புதுத் தாளை மாட்டினாள். அவளுக்கு அவர் பழைய வாடிக்கையாளர்; தோட்டா நிறைய வாங்குவார்.

பிறகு வெண்டலின் முறை. நடீன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவர் செய்தார். இரண்டு கையாலும் பிடித்தார். முழங்கையை இறுக்கவில்லை. முனையில் குறிபார்க்க இருந்த சிறு கட்டையைக் காகிதத்தின் நடுவுக்கு நேராக வைத்தார். விரலை உள்ளே கொண்டுபோய் மெதுவாக அழுத்தினார். கை உதைத்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை. அடுத்தது அதன் பக்கத்தில். அதற்கடுத்தது இரண்டுக்கும் இடையில்.

"பாவி, இருபது வருஷமா தாள் குடுத்துக்கிட்டு இருந்திருக்கான் பாரேன்!" என்றாள் நடீன்.

வெண்டல் அதைக் கேட்கவில்லை. காது மூடிக்குள் ஓர் அமைதி வந்து உட்கார்ந்திருந்தது. டப்பா சூப் இல்லை, தொலைக்காட்சி இல்லை, படுக்கையின் அந்தப் பக்கம் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் எடை இழந்து நின்றுவிட்ட மாதிரி. எவ்வளவு சுகம் அது! அந்த அமைதியை அவருக்குத் தெரியும். குளிர்காலத்தில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது அது. அப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாததால் அது திரும்பிப் போக வேண்டியிருந்தது. இனி அது வந்தால் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குப் பூட்டு இருக்கும். சாவி அவரிடமே இருக்கும்.

துப்பாக்கியை, அதன் வாய் இலக்குப் பக்கம் இருக்கும்படி, மேடையில் வைத்தார். இரண்டடி பின்னால் வந்தார்.

"அற்புதம் பிரதர்! குழுவுல நீங்க ரெண்டாவது ஆளு, எனக்கு அடுத்தபடியா," என்றார் கார்லண்ட்.

*

முன்பக்கம் வந்தார்கள். நடீன் பெட்டியை எடுத்து வைத்தாள், அடையாள அட்டையைக் கேட்டாள். வெண்டல் பணப்பையை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"எனக்கு வேணாம்."

"நிறம் பிடிக்கலையா?" என்றார் கார்லண்ட். "கறுப்புலயும் கறுப்பு இருக்கு. மங்கல், பளபளப்பு…"

"நிறம் இல்ல. வீட்ல வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு."

"அட, அதான் பூட்டு இருக்கே."

"என் அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு கார்லண்ட்."

கார்லண்டின் முகம் தெளிந்தது. புரிந்துகொண்டுவிட்ட மனிதரின் முகம். அவர் வெண்டலின் தோளில் தட்டினார்.

"அதுக்கா இவ்வளவு யோசனை? துடைக்கறது ஒரு பெரிய வித்தையே இல்ல பிரதர். முதல்ல மேகசினைக் கழட்டணும். அப்புறம் உள்ள பாக்கணும். உங்கப்பா காலத்துல இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, எண்ணெய், பிரஷ் எல்லாம் என்கிட்டயே இருக்கு. விபத்துங்கறது அறியாமையில வர்றது."

நடீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெண்டல் அந்த இடத்தில் நின்று யோசித்தார். விபத்து. அம்மா செத்துப்போகும்வரை கட்டிக் காத்த வார்த்தை அது. ஊரே சேர்ந்து சுமந்தது. அதைக் கலைத்தால் அப்பா மறுபடி ஒருமுறை சாவார். கலைக்காவிட்டால் சனிக்கிழமை கார்லண்ட் வீட்டில் எண்ணெயும் பிரஷும் காத்திருக்கும்.

"எங்கப்பா துடைக்கல," என்றார்.

"என்ன?"

"துணி இல்ல, எண்ணெய் இல்ல. நான்தான் முதல்ல கொட்டகைக்குப் போனேன். அவரு துடைச்சுக்கிட்டு இருக்கல. அவரு சாகறதுக்குத்தான் போனாரு. போன குளிருக்கு எனக்கும் அப்படி இருந்துது. இப்ப உள்ள சுடும்போதும் இருந்துது. அதான் வேணாங்கறேன்."

கார்லண்டின் பச்சைப் பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. நீளக் கோட்டுக்காரனுக்கு அவரிடம் திட்டம் இருந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பைக்குத் திட்டம் இருந்தது. பின்கதவு, சமையலறை, ஞானஸ்நானத் தொட்டி, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறியோடு படம் இருந்தது. இதற்குப் படம் இல்லை. அவர் வாசலைப் பார்த்தார். மான் தலையைப் பார்த்தார். குல்லாயைப் பார்த்தார்.

"டேய் வெண்டல்…" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. அவர் வாயிலிருந்து அன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

நடீன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "உனக்கு நான் விக்க மாட்டேன் கண்ணு. இன்னைக்கு மட்டுமில்ல. கோவிச்சுக்காத." கல்லாவின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு அட்டையைப் பிய்த்துக் கொடுத்தாள். அதில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தது. "மனசு இப்படி இருக்கறவங்க கூப்பிடற நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க. முன்னாடியே இதைக் குடுத்திருக்கணும், எனக்குத்தான் வாய் வரல. கார்லண்ட், இவனை நீ கொண்டுபோய் விடு. அந்தப் பையைக் கீழ வச்சிட்டு ஓட்டு."

கார்லண்ட் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். வெண்டல் வீட்டு முன் நிறுத்தியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "இந்த வருஷம் மழை ஜாஸ்தி," என்றார். பிறகு, "ஜெபத்துல வச்சுக்கறேன்," என்றார். வெண்டல் உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகும் வண்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

*

கார்லண்ட் ஜெபத்தில் வைத்தார். எங்கே வைத்தார் என்பதுதான் சிக்கல்.

அந்தச் சபையில் ‘சொல்லாத விண்ணப்பம்’ என்று ஒரு பழக்கம். விவரம் சொல்லக் கூச்சமாக இருக்கும் காரியத்துக்கு, புதன்கிழமை கூட்டத்தில் கையைத் தூக்கி, "ஒரு சொல்லாத விண்ணப்பம்," என்று மட்டும் சொன்னால் போதும். கர்த்தருக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்கக் கூடாது. இப்படித்தான் அந்த ஊரில் யாருடைய மகன் சிறையில் இருக்கிறான், யாருடைய மருமகள் ஓடிப்போனாள் என்பதெல்லாம் பரவியது.

கார்லண்ட் எழுந்து நின்று, குரல் உடைய, "ஒரு சொல்லாத விண்ணப்பம். நம்ம சகோதரர் ஒருத்தருக்காக. பேரைச் சொல்ல மாட்டேன். மனைவியை இழந்தவர். வாசல்ல நின்னவர். அவரைத் தனியா விடாதபடி கர்த்தர் பாத்துக்கணும். அவரு வீட்ல கூர்மையான சாமான் எதுவும்…" என்று சொல்லி அழுதுவிட்டார். நிஜமான அழுகை. அதில் சந்தேகமில்லை.

மறுநாளிலிருந்து வெண்டல் வீட்டுக்குச் சாப்பாடு வந்தது. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, நூடுல்ஸோடு கோழி, பட்டாணியோடு கோழி, மறுபடி சீஸ். பாத்திரத்தின் அடியில் திருப்பித் தரவேண்டியவர் பெயர் ஒட்டியிருந்தது. இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். எவரும் உட்காரவில்லை. "வேற அவசரம் இருக்கு," என்றார்கள். சமையலறையில் பாத்திரத்தை வைக்கும் சாக்கில் கத்திகளை ஒரு பார்வை பார்த்தார்கள். லெட்பெட்டர் போதகர் மட்டும் உட்கார்ந்தார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பற்றிச் சொன்னார். யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்றார். பெண்டாட்டியும் இரட்டிப்பா என்று வெண்டல் கேட்கவில்லை. போதகர் நல்லவர்.

குளிர்பதனப் பெட்டி நிறைந்த அன்று மாலை அவர் அட்டையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார். ஒரு சின்னப் பெண்ணின் குரல். எந்த ஊர்க்காரி என்றே தெரியவில்லை. அவள் ஜெபம் பண்ணவில்லை. மழையைப் பற்றிப் பேசவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெர்னாவைப் பற்றி, கொட்டகையைப் பற்றி, ரொட்டி வண்டியைப் பற்றிச் சொன்னார். பேசி முடித்தபோது காது சூடாகியிருந்தது. உள்ளூரில் ஒரு டாக்டரைப் பார்க்க அவளே நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். வெண்டல் சரி என்றார். பாரம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, டை கட்டி, ஆராதனைக்குப் போனார். வாசலில் லைல் போக்ஸ் நின்றார். இடுப்பில் கோட்டு புடைத்திருந்தது. காதில் கருவி. வெண்டல் பழக்கத்தில் கையை நீட்டினார்.

லைல் அந்தக் கையைப் பார்த்தார். முகம் சிவந்தது. "துப்பாக்கி எடுக்க வலது கை எப்பவும் காலியா இருக்கணும்னு ரூல், வெண்டல். மன்னிச்சுக்க. உனக்கு மட்டும் கை குடுக்கலாமான்னு கேட்டேன், கார்லண்ட் கூடாதுன்னுட்டாரு." தாள்கள் ஒரு மேஜைமேல் இருந்தன. அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெண்டல் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். பின்னால் லைல் தன் சட்டைக் காலரில் மாட்டிய மைக்கிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது: "வந்துட்டாரு."

பாதுகாப்புக் குழு ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நீளக் கோட்டும் வரவில்லை. ஒரு பையும் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. இவ்வளவு பேசுகருவி, இவ்வளவு கால்சட்டைக்குப் பிறகு அவர்கள் கையில் கிடைத்த முதல் ஆபத்து வெண்டல்தான். அவர்கள் அதை வீணாக்கத் தயாராக இல்லை.

அவரும் வெர்னாவும் எப்போதும் உட்காரும் வரிசையில் உட்கார்ந்தார். அந்த வரிசைக்கு வேறு யாரும் வரவில்லை. முதல் பாட்டு முடிந்தது. பின் பெஞ்சு முனகியது. யாரோ அவருக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். மூச்சு அவர் பிடரியில் பட்டது. வெர்னா போன பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவருக்கு அவ்வளவு பக்கத்தில் எவரும் உட்கார்ந்ததில்லை. லேசாகத் திரும்பினார். கார்லண்ட். கண் சிவந்து, தூங்காத முகம். முழங்காலில் கை.

"என்ன இங்க? தலைவரு வாசல்கிட்ட இல்ல நிக்கணும்?" என்று கிசுகிசுத்தார் வெண்டல்.

"ஆபத்து எங்க இருக்கோ அங்கதானேடா நான் இருக்கணும்," என்றார் கார்லண்ட். அவ்வளவு உண்மையாக, அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்.

வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். தோள் குலுங்கியது. பல மாதமாக உள்ளே கிடந்ததெல்லாம் அதோடு கிளம்பிவிட்டது. வாயைப் பொத்தினார். விரல் இடுக்கு வழியாக ஒரு சத்தம் வெளியே வந்தது. அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை. போதகர் ஜெபத்துக்காகக் கண்ணை மூடியிருந்த நேரம் அது. சபை முழுவதும் கேட்டது.

வாசலில் ஒருவர், பக்கத்துக் கதவில் ஒருவர், பாட்டுக்குழு ஓரத்தில் ஒருவர், மூன்று வலது கைகளும் ஒன்றாக இடுப்புக்குப் போயின.

கார்லண்ட் பதறி எழுந்து இரண்டு கையையும் உயர்த்தி அவர்களைப் பார்த்து ஆட்டினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! வெண்டல்தான்!"

கைகள் மெதுவாகக் கீழே வந்தன. லைல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். போதகர் ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெண்டல் குனிந்து தாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. கனமாக, வியர்வையோடு. அதை எப்போது எடுக்க வேண்டும் என்று கார்லண்டுக்குத் தெரியவில்லை. எடுக்கச் சொல்ல வெண்டலுக்கும் தோன்றவில்லை.